மதகடியில் உள்ளான்

உள்ளான் என்பது ஒரு பறவை. பனிக்காலம் தொடங்கியதும் வடக்கே எங்கிருந்தோ வந்து, சேறும் தண்ணீரும் சந்திக்கிற இடமாகப் பார்த்து நிற்கும். ஒரு கைக்குள் அடங்கிவிடும் உடம்பு. பழுப்பு முதுகு, வெள்ளை வயிறு. நின்றால் சும்மா நிற்காது. சொல்ல வந்ததை மறந்துபோன ஆளைப் போல வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே யோசிக்கும்.

எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு பறவை இருப்பதே தெரியாது. டைப்பிஸ்ட் அக்காவுக்கும் தெரியாது. அவர் அந்தப் பனிக்காலத்தை எப்படிக் கழித்தார் என்பதைச் சொல்ல, முதலில் இதைச் சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

அரசு அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில், தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர் அவர். தலையைப் பின்னுக்கு வாரி இறுக்கிய கொண்டை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி. அவர் விரல் பட்டுப் பட்டு விசைப்பலகையில் எழுத்துகளெல்லாம் அழிந்துவிட்டன. வேறு யார் உட்கார்ந்தாலும் வெறும் கறுப்புக் கட்டைகள்தாம். கோபத்தோடு வருகிறவர்களின் பேச்சைக் காதில் வாங்கி, கோபத்தை வடித்துவிட்டு, மனுவாக்கிக் கொடுப்பது அவர் வேலை.

"பக்கத்து வீட்டுப் பாவி என் சுவத்துலயே தண்ணியைத் திருப்பி விடுறான்க்கா!"

அக்கா அசைய மாட்டார். 'மேற்படி நபர் எனது சுவரின் மீது கழிவுநீரைச் செலுத்தி வருவதால் சுவர் சேதமடைந்துள்ளது' என்று திரையில் ஓடும்.

"உள்ளது, உள்ளார், உள்ளனர். இந்த மூணும் இல்லேன்னா நாங்க கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான்" என்று சிரிப்பார். இணைக்கப்பட்டுள்ளது, கேட்டுக்கொண்டுள்ளார், காத்திருக்கும் நிலையில் உள்ளனர். கணவர் போன பிறகு இரண்டு பிள்ளைகளை அவர் வளர்த்தது இந்தச் சொற்களை வைத்துத்தான்.

பிள்ளைகளில் மூத்தவள் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். இளையவனை வீட்டிலும் தெருவிலும் சின்னவன் என்றே கூப்பிடுவோம். வளர்ந்து வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம் வந்த பிறகும் சின்னவன்தான். எந்த வேலையிலும் நிலைக்க மாட்டான். செல்போன் பழுது பார்க்கும் கடை, கூரியர், கிடங்கில் பெட்டி அடுக்குவது. வேலையை விட்டதைச் சொல்லவும் மாட்டான். காலையில் அவன் எழுந்திருக்காமல் கிடப்பதிலிருந்துதான் வீட்டுக்குத் தெரியவரும்.

அப்படித் தெரியவந்த ஒரு காலையில், கண்ணாடியைப் பார்த்துக் கொண்டை போட்டுக்கொண்டே, வாயில் கவ்விய ஊசியோடு அக்கா சொன்னார்: "எங்கயாவது போய்த் தொலையேன்டா."

எந்த வீட்டில் சொல்லாத வார்த்தை இது? சொல்லிவிட்டு அந்த அம்மாக்களே மத்தியானம் சோறு போட்டு மூடி வைப்பார்கள். ஆனால் சின்னவன் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டான். போனைச் சார்ஜிலேயே விட்டுவிட்டு, ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு போனவன் அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

காவல் நிலையத்தில், "வயசுப் பையன்தானேம்மா? பசிச்சா தானா வருவான்" என்றார்கள். மனுவை மட்டும் பாராட்டினார்கள். ரொம்பச் சுத்தமாக அடித்திருக்கிறதாம்.

அக்கா நோட்டீஸ் அடித்தார். பிள்ளையின் படத்தை அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கினார். மாநிறம், ஒல்லியான தேகம், இடது புருவத்தின் மேல் தழும்பு உள்ளது. மின்கம்பம், பேருந்து நிறுத்தம், மருந்துக்கடை என்று பசை வாளியோடு அவரே போய் ஒட்டினார். வந்த போன்களில் ஒன்று, கலர் பிரிண்ட் என்ன விலை என்று கேட்டது.

அந்த நோட்டீஸ்களில் ஒன்றை ஏரிக்குத் திரும்பும் முக்கில் ஒட்டியிருந்தார். அங்கே மூடிப்போன ஒரு பால் கொட்டகை இருக்கிறது. முன்பு கொழுப்பு அளவும் விலையும் எழுதிப்போட்ட கரும்பலகை இன்னும் சுவரில் இருந்தது. வயல்காட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அந்த வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், பலகையின் மேல் பாதியில் சின்னவனின் முகத்தை ஒட்டினார். கீழ்ப் பாதி காலியாக இருந்தது.

காலி என்று அவர் நினைத்தார். அது இரண்டு பேருக்குச் சொந்தமான இடம். ஒருவர், எங்கள் பக்கத்துக் கால்நடைகளுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கும் மாட்டு டாக்டரம்மா. இன்னொருவர், விடியலில் பால் கேன்களை ஏற்றிப் போகும் பால் வண்டிக்காரர். இருவருக்கும் பறவைப் பைத்தியம். சந்தித்துக்கொள்ள நேரம் வாய்ப்பதில்லை. அதனால் டாக்டரம்மா சாயங்காலம் திரும்பும்போது, அன்று எங்கே என்ன பார்த்தார் என்பதைப் பலகையில் ஒரு வரி எழுதுவார். மறுநாள் காலையில் வண்டிக்காரர் படித்துவிட்டுத் துணியால் துடைத்துவிடுவார். துடைத்திருந்தால் படித்தாயிற்று என்று அர்த்தம்.

முந்தைய வருடங்களில் அந்தப் பலகையில் நாரை வரும், விதவிதமான வாத்து வரும். இந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. ஏரி பாதிக்கு மேல் வெடித்துக் கிடந்தது. வாத்துகள் மேலே ஒரு வட்டம் அடித்துப் பார்த்துவிட்டு வேறு தண்ணீர் தேடிப் போய்விட்டன. கொஞ்சம் சேறு போதும் என்று வந்து நின்றது உள்ளான் மட்டும்தான்.

ஆகவே, கடை மூடிப் பேருந்தில் வந்து முக்கில் இறங்கிய ஒரு சாயங்காலம், அக்கா தன் மகனின் முகத்துக்கு நேர் கீழே, வெள்ளைச் சாக்பீஸில், தெளிவான கையெழுத்தில் இதைப் படித்தார்:

*பெரிய ஓடைப் பாலத்தடியில் உள்ளான்.*

வாழ்நாள் முழுவதும் உள்ளது, உள்ளார் என்று அடித்த விரல்கள். அவருக்கு அந்தச் சொல்லில் வேறு எதுவும் தெரிய வழியில்லை.

அக்கா அங்கேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். பின்னால் இறங்கிய கீரைக்காரம்மா, "என்ன டைப்பிஸ்டு, மயக்கமா?" என்று கேட்பதற்குள், வேகமாக வீட்டுக்கு நடந்தார்.

"இருக்கான்டி. உசிரோட இருக்கான்" என்று மகளிடம் சொன்னார்.

மகள் விஷயம் முழுவதையும் கேட்டாள். "யாரு எழுதினது?"

"அவனை நல்லாத் தெரிஞ்சவங்கதான். முன்ன பின்ன தெரியாதவங்கன்னா 'உள்ளார்'னு எழுதுவாங்க. 'உள்ளான்'னு எழுதணும்னா, அவனை வாடா போடான்னு கூப்பிடுற ஆளா இருக்கணும். வயசுல பெரியவங்களா இருக்கணும்."

"இல்லேன்னா மரியாதை தெரியாதவங்களா இருக்கணும். ஏம்மா, நோட்டீஸ்ல உன் நம்பர் கொட்டை எழுத்துல இருக்கு. சொல்றவங்க போன்ல சொல்ல மாட்டாங்களா? சாக்பீஸ்லயா சொல்லுவாங்க?"

"அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு அவன் கேட்டிருப்பான். சொல்லவும் முடியாம, சொல்லாம இருக்கவும் முடியாம எழுதிட்டுப் போறாங்க, பாவம்."

"அப்ப யாருன்னு நின்னு பிடிப்போம்."

"வேண்டாம்!" அக்கா கத்திவிட்டார். "பிடிச்சா எழுதுறது நின்னுடும். இருக்கிற ஒரு கயித்தையும் நீயே அறுத்துடாத."

மறுநாள் விடிவதற்குள் ஓடைப் பாலத்துக்குப் போனார். ஒரு பையில் போர்வை, கம்பளிச் சட்டை, டப்பாவில் சாப்பாடு. பனியில் பாலத்தின் பாதிதான் தெரிந்தது. அடியில் இறங்கிப் பார்த்தார். அழுத்தப்பட்ட புல், ஒரு பிஸ்கட் உறை, சேற்றில் ஏதோ செருப்புத் தடம். வாலை ஆட்டிக்கொண்டு ஒரு சின்னக் குருவி அவரைப் பார்த்துவிட்டு, தண்ணீரை ஒட்டித் தாழப் பறந்து அக்கரைக்குப் போனது. அக்கா அதைக் கவனிக்கவில்லை. அவர் செருப்புத் தடத்தின் மேல் தன் உள்ளங்கையை வைத்து அளந்துகொண்டிருந்தார்.

அன்று சாயங்காலம் பலகையில், *செங்கல் சூளைக் குட்டையில் உள்ளான்.*

இடம் மாறிவிட்டான். நான் வந்ததைப் பார்த்துவிட்டுத்தான் மாறியிருக்கிறான். அப்படித்தான் அக்கா கணக்குப் போட்டார்.

பிறகு அந்தப் பனிக்காலம் முழுக்க இதேதான். சாயங்காலம் பலகை, விடியலில் வயல். அறுத்த வயலில் உள்ளான். வாய்க்கால் திருப்பத்தில் உள்ளான். அக்கா எப்போதும் ஒரு எட்டு தாமதமாகவே போனார். போகிற இடத்தில் எல்லாம் சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு வந்தார். மறுநாள் டப்பா காலியாக இருந்தால் அன்று கடையில் அவர் அடிக்கிற வேகமே வேறு. நாய்கூடத் தின்றிருக்கலாம் என்று மகள் ஒரு தடவை சொன்னாள். அதற்கு மேல் இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை.

மனுக்களில் பிழைகள் வரத் தொடங்கின. ஓய்வூதியம் கேட்டு வந்த பெரியவருக்கு, 'மேற்படி ஆவணம் ஓடைப் பாலத்தடியில் உள்ளது' என்று அடித்துக் கொடுத்துவிட்டார். பெரியவர் அதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தும்விட்டார். கடை முதலாளி நல்ல மனிதர். "கொஞ்ச நாள் வீட்டுல இருங்கக்கா" என்றார். வீட்டில் இருந்து என்ன செய்வது? பலகை சாயங்காலம்தான் பேசும்.

பால் வண்டிக்காரர் அவரை இரண்டொரு முறை பனிக்குள் பார்த்திருக்கிறார். டாக்டரம்மாவிடம் போனில் சொன்னார்: "நமக்குப் போட்டியா ஒரு அம்மா கிளம்பியிருக்காங்க, தெரியுமா? நீங்க எழுதுற இடத்துல எல்லாம் கரெக்டா நிக்கிறாங்க. பைனாகுலர்கூட இல்ல, வெறுங்கண்ணு!"

"நல்லதுதானே. ஆள் சேரட்டும்" என்றார் டாக்டரம்மா.

பனி குறைய ஆரம்பித்தபோது பலகையில், *ஏரிச் சேற்றில் உள்ளான். தனியாக* என்று வந்தது. அக்கா அந்த 'தனியாக' என்பதை வீடு வரைக்கும் வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தார். அதுவரை யாரோ கூட இருக்கிறார்கள், பார்த்துக்கொள்கிறார்கள் என்றிருந்த தெம்பு போய்விட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அதற்கு அடுத்த வாரம்தான் அந்த மூன்று வரிகள்.

*மதகடியில் உள்ளான்.*
*கால் ஒடிந்திருக்கிறது.*
*பார்த்தால் பிடித்து வைக்கவும்.*

அக்கா அங்கிருந்தே ஏரிப் பக்கம் ஓடப் பார்த்தார். கூடவே இறங்கிய மகள் மறித்தாள். இருட்டிவிட்டது, மதகடியில் ஆள் ஆழத்துக்குச் சேறு, விடியட்டும், நானும் வருகிறேன் என்று இழுத்துக்கொண்டு போனாள். அவளும் அன்று படுப்பதற்கு முன்னால் டார்ச்சை எடுத்து வாசலில் வைத்தாள். நம்பிக்கை என்று இல்லை. ஆனால் 'கால்' என்று எழுதியிருக்கிறதே.

விடியலில் மகள் எழுந்து பார்த்தபோது அம்மா இல்லை.

மதகு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலு கல் படி, துருப்பிடித்த இரும்புச் சக்கரம், கீழே கோரைப்புல் மண்டிய சேறு. அங்கே ஒரு பெண் கையில் துவாலையை விரித்துப் பிடித்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கால்சட்டை முழங்கால் வரை சேறு. கழுத்தில் பைனாகுலர். மாட்டு டாக்டரம்மாவை அக்காவுக்கு அடையாளம் தெரிந்தது. அவருடைய விடுப்பு விண்ணப்பம் ஒன்றைக்கூட அடித்துக் கொடுத்திருக்கிறார்.

அப்படியானால் இவர்தான்.

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். வண்டிக்காரர் சொன்ன அம்மா இவர்தான் போல என்று நினைத்து, உதட்டில் விரல் வைத்தார். "மெதுவா வாங்க. சத்தம் போட்டீங்கன்னா பயந்துடுவான்."

அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "எங்க?"

"அந்தக் கோரைக்குள்ள. இப்பதான் போனான்."

"கால்..."

"ஒடிஞ்சு தொங்குது. கம்பி வேலியில மாட்டியிருப்பான்னு நினைக்கிறேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, "சாப்பிட்டானா?" என்றார்.

"எங்க சாப்பிட? நேத்து பூரா ஒரே இடத்துல நின்னுக்கிட்டிருந்தான். ரொம்ப மெலிஞ்சுட்டான். கூட இருந்ததுங்க எல்லாம் கிளம்பிடுச்சு, இவன் மட்டும் கிடக்கான்."

"என்னைப் பார்த்தா ஓடிடுவானா?"

"யாரைப் பார்த்தாலும் ஓடுவான். பயந்த பய."

அது சரிதான். சின்னவன் சிறு வயதிலிருந்தே அப்படி. வீட்டுக்கு யாராவது வந்தால் உள்ளே போய்விடுவான். அக்காவின் கண்கள் கோரையை விட்டு நகரவில்லை. புல் ஓரிடத்தில் அசைந்தது. ஒரு ஆள் படுத்துக் கிடக்கிற அளவுக்கு அங்கே இடம் இருக்கிறதா என்று அவர் யோசிக்கவில்லை. அசைந்தது, அவ்வளவுதான்.

"சின்னவனே!" என்று அலறிக்கொண்டு எழுந்தார். "டேய், அம்மாடா! ஓடாதடா!"

கோரையிலிருந்து கைப்பிடி அளவு பழுப்பு ஒன்று கிளம்பியது. கீச்சென்று கத்திக்கொண்டு, ஒரு கால் நூலைப் போலத் தொங்க, தண்ணீரை உரசியபடி பறந்து, பனிக்குள் போய்விட்டது.

"போச்சு!" டாக்டரம்மா துவாலையைச் சேற்றில் அடித்தார். "ரெண்டு நாளா காத்துக்கிட்டிருந்தேன். நான்தான் சத்தம் போடாதீங்கன்னு சொன்னேனேம்மா!"

அக்கா கோரையையே பார்த்துக்கொண்டு நின்றார். புல் மறுபடி அசையவில்லை. "அவன் எழுந்திரிக்கலையே" என்றார். "எழுந்திரிக்க முடியல போல. வாங்க, தூக்கலாம்."

"யாரு?"

"என் பையன்."

"அங்க யாரும் இல்லம்மா. உள்ளான் பறந்துடுச்சு. நீங்களே பார்த்தீங்களே."

"உள்ளான்... பறந்துடுச்சா?"

"ஆமா. அந்தக் குருவி. அதோட பேர் உள்ளான்."

"பேரா?"

வேறு யாராக இருந்தாலும் இன்னும் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். டைப்பிஸ்ட் அக்காவுக்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. பாலத்தடி, சூளை, வாய்க்கால், சேறு. வினையாகப் படித்ததெல்லாம் பெயராக மாறி, ஒவ்வொன்றாக அவருக்குள் விழுந்துகொண்டிருந்ததை டாக்டரம்மா அந்த முகத்தில் பார்த்தார். தன் வரிகளுக்கு மேலே தினமும் ஒரு பையனின் படம் இருந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. நோட்டீஸ் வந்த பிறகு எழுத இடம் குறைந்துவிட்டது என்று ஒரு நாள் சலித்துக்கொண்டதும்.

"ஐயோ" என்றார்.

"குருவின்னு ஒரு வார்த்தை சேர்த்து எழுதினா உங்க கை தேஞ்சா போயிடும்?" அக்காவின் குரல் கிழிந்திருந்தது. "படிச்சவங்கதானே நீங்க? மேல ஒருத்தன் முகம் இருக்கே, கீழ இப்படி எழுதலாமான்னு தோண வேண்டாம்? கால் ஒடிஞ்சிருக்குன்னு... பிடிச்சு வைங்கன்னு..." கையில் அகப்பட்ட சேற்றை அள்ளி டாக்டரம்மா மேல் வீசினார். அது அவர் தோளில் அப்பிக்கொண்டது. டாக்டரம்மா துடைக்கவில்லை. அக்கா மறுபடி அள்ளினார். வீசாமல், அதைப் பிடித்தபடியே படியில் உட்கார்ந்துவிட்டார்.



"அப்ப அவன் எங்க இருக்கான்?" என்று கேட்டார். டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்கவில்லை. அத்தனை நாளும் அவன் பாலத்தடியில் இருந்தான், குட்டையில் இருந்தான், தனியாகவாவது இருந்தான். இப்போது எங்குமே இல்லை. காணாமல் போன அன்றைக்குக்கூட இவ்வளவு காணாமல் போயிருக்கவில்லை.

டாக்டரம்மாவுக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. மாடுகளோடு பழகியவர். படியில் ஓர் இடம் தள்ளி உட்கார்ந்தார். யாராவது புதுப் பறவையைப் பார்த்ததாக வந்து சொன்னால் வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்.

"எப்படி நடப்பான்?"

அக்கா திரும்பினார்.

"தினமும் இந்தப் பக்கம் பூரா சுத்துறேன்மா. எல்லாப் பண்ணைக்கும் போறேன். அங்க எத்தனையோ பசங்க வேலைக்கு வர்றாங்க, போறாங்க. தூரத்துல ஒரு ஆள் போனா முகம் தெரியாது. தழும்பு எங்க தெரியும்? நடைதான் தெரியும். அதான் கேக்குறேன். எப்படி நடப்பான்?"

போலீஸ் கேட்டது உயரம், நிறம், கடைசியாக என்ன உடை. அக்காவும் அதையேதான் அடித்து ஒட்டியிருந்தார். இதை யாரும் கேட்கவில்லை.

"செருப்பைத் தேய்ச்சுத் தேய்ச்சு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். "இல்ல. அது அவங்க அப்பா நடை."

"வேகமா நடப்பானா?"

"வேகமா... வேகமில்ல." நெற்றியைச் சேற்றுக் கையால் அழுத்திக்கொண்டார். "தலையைக் குனிஞ்சுக்குவான். எங்க வாசல் உயரம் கம்மி, அதனால. வெளியில குனிவானான்னு... வெளியில அவன் நடந்து நான் பார்த்ததில்லையே. நான் கிளம்பும்போது தூங்கிக்கிட்டிருப்பான். வரும்போது உட்கார்ந்திருப்பான்."

"தோளு? ஒரு பக்கமா சாயுமா?"

"இருங்க."

அக்கா எழுந்தார். கையிலிருந்த சேற்றைக் கீழே போட்டார். புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஏறி, தோளைத் தளர்த்தி, தலையைத் தாழ்த்தி, நாலடி நடந்தார். நின்றார்.

"இல்ல. இப்படி இல்ல."

திரும்பி வந்தார். இந்த முறை அடியை நீட்டி வைத்து, இடது தோளை இறக்கிக்கொண்டு நடந்தார். டாக்டரம்மா தூரத்தைப் பார்க்கிற மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரு அசைவையும் விடாமல் பார்த்தார்.

"கையை வீசுவானா, பாக்கெட்ல விட்டுக்குவானா?"

அக்காவின் கைகள் கொஞ்சம் வீசின. பிறகு நின்றன. எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இரண்டும் அந்தரத்தில் நின்றன.

"இருங்க, இருங்க" என்றார். "போயிடாதீங்க. இன்னொரு தடவை நடக்கிறேன்."